நாற்காலிகள் நகர்ந்த செவ்வாய்க்கிழமைகள்

செம்மேட்டுப்பாளையத்தில், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நீளக் கூடத்தில், மனசு சரியில்லாதவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், அழகு நிலையம் நடத்தும் ஜெயக்கொடி தன் வீட்டு கேஸ் அடுப்பு வெடித்த கதையை ஒருநாள் முதல்முறையாக அழாமல் சொல்லி முடித்தாள், முடித்த கையோடு அவள் உட்கார்ந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி அவளையும் சுமந்துகொண்டு வாசல் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை. தரையில் எண்ணெய் இல்லை, சரிவும் இல்லை. ஜெயக்கொடி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். குழுவை நடத்தும் தமயந்தி மேடம் அவளைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சித்த லேசா இருக்குதுங்க மேடம்."

"நல்லது. அடுத்து யார் பேசறீங்க?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவர் நாற்காலியாக நகர ஆரம்பித்தபோதும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மனப்பாரம் இறங்கினால் நாற்காலிக்கும் பாரம் குறையும்தானே, குறைந்தால் நகரும்தானே என்று வாடகைப் பாத்திரக்கடை காளியப்பன் சொன்னதை ஊர் அப்படியே ஏற்றுக்கொண்டது. நாற்காலிகள் அவர் கடையுடையவை, அதனால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். கூடத்திலே அதைப் பார்த்து வயிறெரிந்த ஒரே ஆள் டிரைவர் சென்னியப்பன். அவர் நாற்காலி மட்டும் அசையவில்லை.

சென்னியப்பன் தாராபுரம் ரூட்டில் பல வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். அந்தப் பக்கத்து ரூட் பஸ் என்றால் முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவே கொஞ்சம் நிமிஷம், அவ்வளவுதான். முன்னால் போகிறவன் ஸ்டாப்பில் நிற்கும் ஜனத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டால் பின்னால் வருகிறவன் காலி சீட்டுகளுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் சென்னியப்பனின் ஒரு கண் எப்போதும் ரோட்டில் இருந்தது, இன்னொரு கண் கண்ணாடியில் பின்னால் வருகிறவன் எங்கே வருகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தது, அந்தப் பார்வை வீட்டுக்கு வந்தும் போகவில்லை, பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலையில் பாயசம் முதலில் விழுந்ததா என்றுதான் அவர் பார்ப்பார். ஓர் ஐப்பசி மழையில், முன்னால் போன பொன்னுச்சாமியின் வண்டியை வளைவில் முந்தப் போய், எதிரே லாரி வர, பஸ்ஸைத் தென்னந்தோப்புக்குள் இறக்கினார். வண்டி ஒரு மரத்தில் முட்டி ஒருக்களித்துப் படுத்தது. யாரும் சாகவில்லை. அடிபட்டவர்களெல்லாம் தேறி, மறுபடியும் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். கீறல்கூடப் படாத சென்னியப்பன்தான் தேறவில்லை. நகர்கிற எதிலும் அவரால் உட்கார முடியவில்லை. பஸ், கார், மச்சானின் மொபெட், ஆடி நோம்பிக்குக் கட்டிய தூரி ஊஞ்சல், எதில் உட்கார்ந்தாலும் நெஞ்சு அடைத்தது, உள்ளங்கை நனைந்தது, இறங்கி ஓடினால்தான் மூச்சு வந்தது.

இதெல்லாம் போனால் போகிறது, நடந்தே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் மேகலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனைவி ருக்குமணி பஸ்ஸில் போவாள், வருவாள், வரும்போது போனில் பேத்தியைக் கொண்டுவருவாள். பேத்தி குப்புற விழுந்ததை, தவழ்ந்ததை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பெருமையாகத் திரும்பிப் பார்த்ததை எல்லாம் சென்னியப்பன் கையகலக் கண்ணாடியில்தான் பார்த்தார். ஒருமுறை நடந்தே போய்விடலாம் என்று விடிகாலையில் கிளம்பினார். வழியில் வந்த ஒவ்வொரு பஸ்ஸும் பழக்கத்துக்காக நின்றது, "அண்ணா, ஏறுங்கண்ணா" என்று ஒவ்வொரு டிரைவரும் கூப்பிட்டான், வெட்கம் தாங்காமல் சோளக்காட்டுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இப்போது தை மாதக் கடைசியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். மேகலாவுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற அப்புச்சி மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள்.

"அப்பா, உங்க மடி இல்லீன்னா பாப்பாவோட சித்தப்பன் மடின்னு பேசிக்கறாங்கப்பா," என்றாள் மேகலா போனில்.

"எவன் மடியும் வேண்டாம். நான் வந்துருவேன் கண்ணு," என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டார், ஆனால் எப்படிப் போவது என்று அவருக்கே தெரியவில்லை.

ஆக, செவ்வாய்க்கிழமைக் கூடம்தான் அவருக்கு ஒரே வழி. அந்தக் கூடத்தில் தமயந்தி மேடம் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார்: இங்கே யாரும் தன்னை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள், தலையாட்டிக்கொண்டே அடுத்தவர் நாற்காலிக் காலைப் பார்த்தார்கள். ஜெயக்கொடியின் நாற்காலி வாரம் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. கல்லூரியில் வேதியியல் நடத்தும் அருளானந்தம் சாரின் நாற்காலி, அவரைப் போலவே, சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்தது. அவர் ஒருநாள் வகுப்பில் பாதிப் பாடத்தில் பேச்சு நின்று, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார், பிள்ளைகள் அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து நாலு பேர் இருக்கும் இடத்தில் அவருக்குக் குரல் எழும்புவதில்லை. மற்றவர்கள் பேசும்போது சென்னியப்பன் பேச்சைக் கேட்கவே இல்லை. யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார், தனக்கும் அவருக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தன் முறை வந்தால், "எனக்கொண்ணும் பெருசா இல்லீங்க மேடம், மத்தவங்க பேசட்டும்," என்று முடித்துக்கொள்வார்.

ஜெயக்கொடி வாசலைத் தாண்டிய நாள் ஊருக்கே திருநாளாகிப் போனது. அன்றைக்கு அவள் காலையில் தன் கையாலேயே அடுப்பைப் பற்றவைத்து, காப்பி போட்டு, பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவந்து கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்; உட்கார்ந்ததும் நாற்காலி விறுவிறுவென்று கிளம்பி நிலைப்படிவரைக்கும் போய் நின்றது; புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஓட்டலாமா என்று யாரோ கேட்க, நாலு காலுக்கும் நாலு பழம் வைத்தார்கள், சாய்மானத்தில் சந்தனம் குங்குமம் தீற்றினார்கள், பழங்கள் பட்பட்டென்று நசுங்க நாற்காலி படியிறங்கியது, ஜெயக்கொடி சிரித்தபடி தெருவில் போய் இறங்கினாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் ஜன்னலில் தலைகள் தொங்கின. கூடத்துக்கு எதிரே வடை சட்டி வந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், "பையன் நாற்காலி எது வரைக்கும் வந்திருக்குதுங்க?" என்று விசாரித்தார்கள். பரீட்சையில் தேறாத பிள்ளைகளை காளியப்பன் கடை நாற்காலியில் பகல் முழுக்க உட்கார வைத்துப் பார்த்தார்கள், பிள்ளைகள் தூங்கியதுதான் மிச்சம். நாற்காலிகளே ஆட்களை ஏற்றிப்போனால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் சுப்பையன், விசிலோடு கூடத்து வாசலில் வந்து நின்றுகொண்டு, எந்த நாற்காலி எவ்வளவு வந்தது என்று ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சத்தம் கேட்கக் கேட்க சென்னியப்பனுக்கு ரூட்டில் ஓடிய ரத்தம் சூடேறியது. முதலில் நாற்காலிக் காலில் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். பிறகு ஜெயக்கொடி உட்கார்ந்த நாற்காலியைத் தேடிப்பிடித்து, சந்தனத் தீற்றல் அழியாத அதிலேயே உட்கார்ந்தார். அது அவருக்குக் கீழே கல்லாய்ச் சமைந்தது. கடைசியாக ரூட்காரன் மூளை வேலை செய்தது. முதல் ஸ்டாப்பிலிருந்து புறப்பட்டால்தானே பின்தங்குவது, கடைசி ஸ்டாப்பிலிருந்தே புறப்பட்டால்? எல்லாருக்கும் முன்னால் வந்து, வாசலுக்கு ஒரு சாண் தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரே ஒரு சாண். ஒரு தும்மலில் தாண்டிவிடலாம். தமயந்தி மேடம் அவரையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அங்க வசதியா இருந்தா சரி," என்றார். நாற்காலி அந்த ஒரு சாணையும் தாண்டவில்லை.

அந்த எரிச்சலில்தான் அது நடந்தது. அருளானந்தம் சாரின் நாற்காலி அப்போது வாசலுக்குக் கைநீட்டும் தூரத்தில், ஏறக்குறைய சென்னியப்பனுக்குப் பக்கத்திலேயே வந்திருந்தது. சார் தன் வகுப்பைப் பற்றி மெல்லப் பேச ஆரம்பித்தார். நடுவில் ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் நின்றார். சென்னியப்பன் சட்டென்று, "என்னங்க சார், மறுக்காவும் இன்ஜின் ஆஃபாயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார். ஜன்னலில் தொங்கிய தலைகளெல்லாம் சிரித்தன. சுப்பையன்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். சாரின் நாற்காலி அவரோடு பின்னால் போயிற்று, வந்த தூரம் அத்தனையும் போய், கூடத்தின் கடைசிச் சுவரில் முட்டி நின்றது. அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், கொல்லைக் கதவு வழியாக வெளியேறினார். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

முந்தியாயிற்று, பக்கத்து வண்டி தோப்பில் இறங்கியாயிற்று. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. சோறு இறங்கவில்லை. பேத்தியின் படத்தைக்கூட முகம்கொடுத்துப் பார்க்க முடியவில்லை. "அந்த வாத்தியாரு என்ன பாவம் பண்ணுனாரு உங்களுக்கு?" என்று ருக்குமணி வேறு கேட்டாள். ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, நடந்தே சாரின் வீட்டுக்குப் போனார்.

சார் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரூட்டுல ஓட்டுன மாதிரியே அங்கயும் ஓட்டிட்டனுங்க சார். தப்புத்தானுங்க," என்றார் சென்னியப்பன்.

 சார், கூடத்தில் பேசுவதைவிடத் தெளிவாகவே, "உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க ஒருநாளும் சொன்னதே இல்லையே, சென்னியப்பன்? எங்க நாற்காலியத்தான் பாத்துட்டிருந்தீங்க," என்றார்.

"சொல்லறதுக்கு என்னங்க சார் இருக்குது?"

"இருக்கிறதைச் சொல்லுங்க."

"இப்ப வராதுங்க. செவ்வாக்கெழமை வேணா சொல்றேன். ஆனா நீங்க வந்து எதுக்கால உக்காரோணும்."

சார் சிரித்தார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சார் வந்தார். கொல்லைக் கதவு வழியாக வந்து, கடைசிச் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தக் கோடியில் வாசலோரம் சென்னியப்பன், அந்தக் கோடியில் சுவரோரம் சார், நடுவே கூடம் முழுக்க நீளம். ஜன்னலில் வழக்கத்தைவிடக் கூட்டம், ஏனென்றால் காதுகுத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை என்பதும் மடி விவகாரமும் ஊருக்கே தெரியும். தமயந்தி மேடம் அவர் பக்கம் திரும்பியதும், சென்னியப்பன் இந்த முறை மற்றவர்கள் பேசட்டும் என்று சொல்லவில்லை. தூரத்தில் இருந்த சாரின் முகத்தைப் பார்த்தார். பார்க்கிற அந்த முகத்தில் முந்துவதற்கு ஒன்றுமே இல்லை.

"எனக்குப் பயமா இருக்குதுங்க சார்," என்றார்.

 டிரைவர் சென்னியப்பன் வாயில் அந்தச் சொல்லை ஊர் கேட்டதில்லை.

"வண்டி சாயறப்ப எனக்கு ஒண்ணுந் தெரியல. அப்பறமா எல்லாரையும் வெளிய எடுத்து, எண்ணிப் பாத்து, எல்லாரும் இருக்கறாங்கன்னு தெரிஞ்ச பொறகுதான் பயம் வந்துச்சு. வந்தது போகவே இல்லீங்க. என்னோட கால் அன்னிக்கு பிரேக்க மிதிச்சது, இன்னிவரைக்கும் மிதிச்சுட்டேதானுங்க இருக்குது. ரோட்டுல நடந்தாலும் மிதிக்குது, தூங்கறப்பவும் மிதிக்குது. பேத்தி தவழ்ந்து வர்றதப் போன்ல பாத்தாக்கூட, முட்டிக்குவாளோன்னு மிதிக்குதுங்க."

எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள். வலது பாதம் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்த அழுத்தில் கெண்டைக்கால் நரம்பு புடைத்திருந்தது. சென்னியப்பனும் குனிந்து பார்த்தார், அவருக்கே அது புதுச் சேதியாக இருந்தது. மெதுவாக, வேறு யாருடைய காலையோ தூக்குவது போல, அந்தக் காலைத் தூக்கினார்.

நாற்காலி கிளம்பியது. ஒரு சாண் தூரத்தில் இருந்த வாசலை விட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடத்துக்கு உள்ளே, சார் இருந்த சுவரைப் பார்த்துக் கிளம்பியது. "ஐயோ, ரிவர்ஸு!" என்று ஜன்னல் கத்தியது. சுப்பையன் விசிலை ஊதோ ஊது என்று ஊதினார். வடைக்காரம்மா தலையிலடித்துக்கொண்டாள். சென்னியப்பனுக்கோ ஒன்றும் காதில் விழவில்லை, ஏனென்றால் தான் உட்கார்ந்திருக்கிற ஒன்று நகர்கிறது, காற்று காதோரம் போகிறது, நெஞ்சு அடிக்கிறது ஆனால் அடைக்கவில்லை, உள்ளங்கை நனைகிறது ஆனால் நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும், நாற்காலி வட்டத்தைக் கிழித்துக்கொண்டு, ஒதுங்கிய கால்களுக்கு நடுவே புகுந்து வளைந்து, கூடத்தின் நீளம் முழுக்க ஓடுகிறது, அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஓடுதுங்க சார்! சார், ஓடுது, நான் உக்காந்துட்டுத்தான் இருக்கறன், ஓடுதுங்க சார்!" என்று சின்னப் பிள்ளையாய்க் கத்தினார். நாற்காலி சாரின் முழங்காலுக்கு முன்னால் வந்து சொகுசாக நின்றது. சாரும் கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் அது பெரிய சத்தம்.

"வாசல் அக்கட்டால இருக்குதுங்க!" என்றார் சுப்பையன், தாங்க முடியாமல்.

"இருக்கட்டுமுங்க, எனக்கு வழி தெரியும்," என்றார் சென்னியப்பன், நாற்காலியிலிருந்து எழுந்து, சூடு ஆறுவதற்குள் போய்விட வேண்டும் என்று வாசலைப் பார்த்து நடந்தார். "தாராபுரத்து வண்டி எத்தனை மணிக்குங்க?"

இப்போது ஊரே வாயைப் பிளந்தது. நாற்காலி நகர்ந்தபோது பிளக்காத வாய், பஸ்ஸுக்கு நேரம் கேட்டதும் பிளந்தது. அவர் முன்னால் நடக்க, பக்கத்தில் சார் நடக்க, பின்னால் தமயந்தி மேடமும் ஜெயக்கொடியும் குழுவும், அவர்களுக்குப் பின்னால் ஜன்னலும் வடைச் சட்டியும் ஆட்டோக்காரர்களும் என்று திருவிழாக் கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது, தாராபுரம் வண்டி புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் அதே பொன்னுச்சாமி. கூட்டத்தைப் பார்த்தார், நடுவில் சென்னியப்பனைப் பார்த்தார், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். நேரம் ஆகிவிட்டது. பின்னால் அடுத்த வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஊதித் தள்ளும் சுப்பையன், விசிலைக் கையில் இறுக்கி மூடிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

சென்னியப்பன் படியில் கால் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "மொள்ள ஏறுங்கண்ணா, ஒண்ணும் அவசரமில்லை," என்றார் பொன்னுச்சாமி, அந்த ரூட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை. அவர் ஏறினார். ஜன்னலோரம் வேண்டாமென்று உள்பக்கம் உட்கார்ந்தார், சார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியதும் பயம் வந்தது, நன்றாகவே வந்தது, வழக்கமான பயம்தான், வந்து அவரோடு சீட்டில் உட்கார்ந்துகொண்டது. அவர் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர, பஸ் ஸ்டாண்டே கைதட்டியது.

கண்டக்டர் வந்து, "எங்கீங்க?" என்று கேட்டார். சென்னியப்பனுக்கு வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது, சொல் வரவில்லை. பஸ் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. அப்போது பக்கத்திலிருந்து, கடைசி சீட்டுவரை கேட்கிற கணீரென்ற குரலில், அருளானந்தம் சார் சொன்னார்: "தாராபுரம் ரெண்டு."

வழியில் பின்னால் வந்த வண்டி அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. சென்னியப்பன் அதைக் கண்ணாடியில் பார்க்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டு சாரின் கையைப் பிடித்திருந்தார். தென்னந்தோப்பு வளைவு எப்போது வந்தது, எப்போது போனது என்று சார்தான் பிறகு சொன்னார்.

மேகலாவின் வீட்டு வாசலில் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக நிற்கும் அப்பாவையும், அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட முன்பின் தெரியாத ஒருவரையும் பார்த்தாள். துணி கீழே விழுந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல், வீட்டுக்கு வருகிற யாரிடமும் கேட்பதையே கேட்டாள்.

"எதுலப்பா வந்தீங்க?"

சென்னியப்பன் பேத்தியை நோக்கிக் கையை நீட்டினார்.

"பஸ்லதான் கண்ணு."